பத்து எண்ணும் வரை

சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பயிற்சி மையத்தில் கொடுத்த தாள். முப்பது நாளுக்கு முப்பது வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் காலைக்கு ஒரு கட்டம், மாலைக்கு ஒரு கட்டம். பிள்ளையைத் தரையில் விரிப்புப் போட்டு உட்காரவைத்து, பிடித்த கையை எடுத்துவிட்டு, சாய்வதற்குள் எத்தனை நொடி என்று எண்ணிக் கட்டத்தில் எழுத வேண்டும். காலைக் கட்டம் அம்மாவுடையது, மாலைக் கட்டம் அப்பாவுடையது. யாரும் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொள்ளவில்லை. அவர் வேலைக்குப் போகிறவர், அவள் வேலையை விட்டவள், அப்படி அமைந்துவிட்டது.

பிள்ளைக்கு இரண்டு வயது நான்கு மாதம். வீட்டில் அவனுக்கு முதலாளி என்று பெயர். பதினோராம் மாதமே நடக்கத் தொடங்கி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அறை அறையாகச் சுற்றி வந்து, கண்ணில் பட்டதையெல்லாம் "இது? இது?" என்று விசாரித்தவன். "முதலாளி வர்றாரு, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்று அப்பா சொல்வார். அம்மா கையில் கரண்டியோடு விறைத்து நிற்பாள். அவனும் ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போவான்.

நான்கு மாதத்துக்கு முன்னால் வந்த வைரஸ் காய்ச்சல் மூன்றாம் நாள் மூளைக்கு ஏறியது. பத்தொன்பது நாள் மருத்துவமனை. அதில் எட்டு நாள் செயற்கை மூச்சு. "பெரிய கண்டம், தப்பிச்சுட்டான்" என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். தப்பித்தது உண்மைதான். ஆனால் போன பிள்ளை வேறு, வந்த பிள்ளை வேறு. கட்டை விரலை உள்ளே மடக்கிய முஷ்டியை அவன் விரிக்கவே இல்லை. ஒரு கிண்ணம் மசித்த சோறு உள்ளே போக ஒரு மணி நேரம் ஆயிற்று. பேச்சு சுத்தமாக நின்றுபோனது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஜன்னலைப் பார்த்தான்.

மையத்தில் வாரம் மூன்று நாள் பயிற்சி. இருபது பிள்ளைகளுக்குத்தான் இடம். அங்கே ஒரு விதி வைத்திருந்தார்கள்: முப்பதாம் நாள் பரிசோதனையில் பத்து நொடி தானாக உட்கார்ந்தால் இடம் தொடரும். உட்காராவிட்டால் வீட்டுப் பட்டியல். வீட்டுப் பட்டியல் என்றால் மாதம் ஒரு முறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது, அவ்வளவுதான். அந்தப் பத்து நொடிக்காகத்தான் இருவரும் ஒருவர் மாற்றி ஒருவர் விரிப்பின் மேல் மண்டியிட்டார்கள்.

அப்பாவுக்கு வேலை, சாலைச் சந்திப்புகளில் சிக்னல் விளக்குப் பழுது பார்ப்பது. மூலையில் நிற்கும் இரும்புப் பெட்டியைத் திறந்து எந்த விளக்கு எத்தனை நொடி என்று வைப்பவர் அவர்தான். மஞ்சள் மூன்று நொடி, நடப்பவர்களுக்குப் பச்சை பன்னிரண்டு, பெரிய சாலைக்குச் சிவப்பு ஐம்பத்தைந்து. பதினோரு வருடமாக இதே வேலை என்பதால் நொடி அவர் உடம்பில் ஊறிப்போயிருந்தது. கடிகாரம் பார்க்காமலே சொல்வார். "சிவப்பு அஞ்சு நிமிஷமா நிக்குது, மாறவே மாட்டேங்குது" என்று யாராவது அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கத்தினால், "ஐம்பத்தஞ்சு நொடிங்க. நிக்கிறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று பொறுமையாகப் பதில் சொல்வார்.

கூட வேலை செய்பவனுக்கு ஏணி என்று பட்டப்பெயர். ஏணியைப் பிடிப்பது அவன் வேலை. ஆளும் அதே உயரம்.

"அண்ணே, முதலாளி இன்னிக்கு எத்தனை?" தினமும் மதியம் சாப்பிட உட்கார்ந்ததும் ஏணி கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

"ஏழு."

"நேத்து ஆறுதானே? ஏறுமுகம்ணே! இன்னும் கொஞ்ச நாள்ல உங்களை வேலையை விட்டே தூக்கிடுவாரு பாருங்க."

அவர் சொன்னது காலைக் கட்டத்தின் எண், அவள் தொலைபேசியில் சொன்னது. மாலைக் கட்டத்தில் அவர் கையால் எழுதியது மூன்று, மூன்று, இரண்டு, மூன்று. அதை ஏணியிடம் சொல்லவில்லை. ஒரே பிள்ளை காலையில் ஏழும் மாலையில் மூன்றுமாக இருப்பானேன்? சாயங்காலம் களைத்துவிடுகிறான் என்று முதலில் நினைத்தார். பிறகு, தாயிடம் உட்காருகிறவன் நம்மிடம் உட்கார மாட்டேன் என்கிறானே என்று உள்ளுக்குள் சின்னதாக ஒரு குத்தல். அவளிடமே கேட்டார்.

"உங்ககிட்ட செல்லம் ஜாஸ்தி. சாஞ்சா பிடிச்சுக்குவீங்கன்னு தெரிஞ்சு வச்சிருக்கான்" என்றாள். சொல்லும்போது பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

பதினேழாம் நாள், வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சந்திப்பில் விளக்கு எரியவில்லை. போன பிறகுதான் மின்சாரம் பார்க்கிற டெஸ்டரை வீட்டு மேசையிலேயே வைத்துவிட்டது தெரிந்தது. "நில்லு, வந்துடறேன்" என்று ஏணியை அங்கேயே நிறுத்திவிட்டு நடந்தார். மணி பதினொன்று. இரண்டாம் மாடி. காற்றுக்காகக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தாள். வாசலில் கால் வைத்தவர் உள்ளே கேட்ட குரலில் அப்படியே நின்றார்.

"ஒண்ணுரெண்டுமூணுநாலஞ்சாறேழெட்டொம்போதுபத்து!"

ஒரே மூச்சு. சந்தையில் கூறு கட்டுகிறவர்கள்கூட அந்த வேகத்தில் எண்ண மாட்டார்கள். கதவு இடுக்கு வழியாகத் தெரிந்தது: விரிப்பின் மேல் பிள்ளை, அவன் முதுகுக்கு ஒரு விரற்கடை தள்ளி அவள் உள்ளங்கை. அவள் பத்துக்கு வந்தபோது அவர் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருந்த நொடி மூன்றில் நின்றது. பிள்ளை பக்கவாட்டில் சரிந்தான். அவள் கையில் வாங்கிக்கொண்டாள்.

"பத்து! பத்து போட்டுட்டீங்க முதலாளி! சபாஷ்!" என்று அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் சத்தமில்லாமல் ஒரு மாடி இறங்கினார். கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தொண்டையைக் கனைத்து, படிகளில் தொப்புத் தொப்பென்று மிதித்து ஏறினார்.

"என்னங்க இந்த நேரத்துல?"

"டெஸ்டரை மறந்துட்டேன்."

"இன்னிக்குப் பத்துங்க!"

முகம் முழுக்கச் சிரிப்பு. அப்படி அவள் சிரித்து நான்கு மாதம் ஆயிற்று. அவர் "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு டெஸ்டரை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு இறங்கினார்.

சந்திப்பில் ஏணி காத்திருந்தான். "முதலாளி இன்னிக்கு எத்தனைண்ணே? வீட்டுல கேட்டீங்களா?"

"பத்து."

ஏணி நடுச்சாலை என்றும் பார்க்காமல் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "சொன்னேன்ல? நான் சொன்னேன்ல?" என்று போய் இரண்டு தேநீர் வாங்கி வந்தான். அதைக் குடிக்க வேண்டியிருந்தது.

அன்று மாலை அவர் பிள்ளையை உட்காரவைத்தார். வழக்கத்தைவிட உரக்க, ஒவ்வொன்றாக, அழுத்தி எண்ணினார். அவள் சமையலறையிலிருந்து வந்து கதவோரம் நின்றாள்.

"மூணு" என்றார்.

"நீங்க எண்றது ரொம்ப மெதுவு."

"நொடியில மெதுவு, வேகம்னு ரெண்டு ரகம் இருக்கா?"

"எண்ணுங்கன்னுதான் சொன்னாங்க. கடிகாரத்தை வச்சுக்கிட்டு எண்ணுங்கன்னு சொன்னாங்களா?"

"தாள்ல நொடின்னு அச்சடிச்சிருக்கும்மா."

அவள் பிள்ளையின் வாயோரம் வழிந்ததைத் தன் துணியால் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "காலையில நீங்க ரெண்டு தடவை வந்தீங்க. முதல் தடவையே செருப்புச் சத்தம் கேட்டுச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டும் ஏன் நிறுத்தலை?"

"நிறுத்தினா மூணுதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல?"

பிள்ளை இருவருக்கும் நடுவில் அவர் மடியில் கிடந்தான். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "மாசத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போறதுக்குப் பேரு பயிற்சியாங்க? அது நம்மளை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புறது. அந்த இடம் இருக்கிற வரைக்கும்தான் இவனை யாரோ பார்த்துக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம். என் கட்டத்துல பத்து, உங்க கட்டத்துல மூணுன்னு இருந்தா யாரை நம்புவாங்க? நீங்க விடாம மூணே போடறீங்க."

அவர் மறுநாள் மாலை ஆறு என்று எழுதினார்.

அவளைப் போல வேகமாக எண்ண அவருக்கு வரவில்லை. முயன்று பார்த்தார், நாக்கு ஒத்துழைக்கவில்லை. ஆகவே சரியாக மூன்று எண்ணிவிட்டு ஆறு என்று எழுதினார். அவள் பொய்யில் எண்ணிக்கையாவது இருந்தது. அவர் பொய்யில் அதுவும் இல்லை. ஆறு, ஆறு, எட்டு, எட்டு, ஒன்பது. இருபத்தைந்தாம் நாள் அலமாரியைத் திறந்து சர்க்கரை டப்பாவை எடுக்கும்போது தாள் கண்ணில் பட்டது. மேலிருந்து கீழே எண்கள் ஏறிக்கொண்டே போயிருந்தன. ஒரு கணம் அவருக்கு மனசு குளிர்ந்தது. பரவாயில்லையே, தேறிவிட்டானே என்று நிஜமாகவே நினைத்துவிட்டார். அப்புறம் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, எதற்காக எடுத்தோம் என்று தெரியாமல் நின்றார்.

முப்பதாம் நாள். பயிற்சியாளர் சின்னப் பெண். கழுத்தில் கயிறு கட்டிய நிறுத்துக் கடிகாரம். தாளை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாள். முதலில் பிள்ளையைத்தான் பார்த்தாள். விரிப்பில் உட்காரவைத்துக் கையை எடுத்தாள். மூன்று. மறுபடி. இரண்டு. சின்னத் தலையணையைப் பக்கத்தில் வைத்து, கிலுகிலுப்பையை ஆட்டிக் காட்டி, மறுபடி. மூன்று.

அதற்குப் பிறகுதான் தாளைத் திருப்பினாள். மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் படித்தாள். இரண்டு பேர் கையெழுத்தையும் பார்த்தாள்.

"வீட்ல நல்லா உட்கார்றான் மேடம்" என்றாள் அம்மா. "இங்க புது ஆளுங்க, வெளிச்சம், அதான்..."

"சரிம்மா."

"காலையிலதான் நல்லா இருப்பான். ஒரு நாள் காலையில வந்து பாருங்களேன்."

"சரிம்மா."

இரண்டாவது "சரிம்மா"வில் அம்மா வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பெண் தாளை இரண்டாக மடித்துக் கோப்பில் வைத்தாள். "எங்ககிட்ட வர்ற தாள்ல எல்லாப் பிள்ளைங்களும் நல்லாத்தான் இருக்காங்க" என்றாள். திட்டுகிற குரலில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அப்பாவுக்கு.

"இன்னும் ஒரே ஒரு மாசம் பார்க்கக் கூடாதா?" என்று கேட்டார்.

"வெளிய ஒன்பது பேர் காத்திருக்காங்க சார்."

"சரி. அவன் எப்போ..." என்று ஆரம்பித்தவருக்கு அந்தக் கேள்வியை எந்த இடத்தில் முடிப்பது என்று தெரியவில்லை. எப்போது உட்காருவான், எப்போது நடப்பான், எப்போது "இது?" என்பான்.

"ஆரம்பத்துல தேறுற வேகம் போகப் போக இருக்காது சார். இவனுக்கு ஆரம்பத்துலயே அந்த வேகம் வரலை. இனிமே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். வரும்னும் சொல்ல முடியலை." கோப்பை மூடினாள். "புதுத் தாள் வேண்டாம். பக்கத்து அறையில நாற்காலிக்கு அளவு எடுப்பாங்க, கொடுத்துட்டுப் போங்க."

பக்கத்து அறையில் மரத்தூள் வாசனை. தச்சர் வயதானவர் இல்லை. காதில் பென்சில், கையில் அளவு நாடா. சாய்ந்த முதுகு, தலைக்கு இரண்டு பக்கமும் திண்டு, மார்புக்கும் இடுப்புக்கும் பட்டை என்று ஒரு நாற்காலி மாதிரிக்கு நின்றது. அதில் உட்காரும் பிள்ளை விழ முடியாது. உட்காரவும் தெரிய வேண்டியதில்லை.

"நேரா பிடிச்சுக்குங்க சார். தலையை விட்டுடாதீங்க" என்றார். இடுப்பு, தொடை, முழங்காலிலிருந்து பாதம், தோளின் அகலம் என்று ஒவ்வொன்றாக அளந்து மரத்துண்டிலேயே குறித்துக்கொண்டார். பிள்ளை அவர் கையிலிருந்த பென்சிலைப் பார்ப்பது போல இருந்தது; ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருந்தது.

"இந்த அளவுக்கே பண்ணிடவா, இல்லை கொஞ்சம் பெருசா பண்ணிடவா?" என்று கேட்டார் தச்சர். "பெருசா பண்ணி உள்ளே திண்டு வச்சுடலாம். வளர வளர திண்டை எடுத்துக்கிட்டே வரலாம். ஏழு, எட்டு வயசு வரைக்கும் தாங்கும்."

"வேண்டாம்" என்றாள் அம்மா, வெடுக்கென்று. "இந்த அளவுக்கே பண்ணுங்க."

"ஒரு வருஷத்துல பத்தாமப் போயிடும்மா."

"போகட்டும். அதுக்குள்ள இவன் நாற்காலியே வேண்டாம்னு எந்திரிச்சுடுவான்."

தச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். அவர் தினமும் இப்படி ஒரு அப்பாவைப் பார்க்கிறவர் போலும், அவசரப்படுத்தவில்லை. அப்பாவின் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிள்ளையின் தலை இருந்தது. முடி மெத்தென்று வளர்ந்திருந்தது. நகம் வளர்ந்தது, கால் நீண்டது, பல்லும் இரண்டு புதிதாக வந்திருந்தது. அதெல்லாம் நிற்கவில்லை.

"பெருசாவே பண்ணுங்க" என்றார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. பிள்ளையின் மேலேறிய சட்டையை இழுத்து விட்டாள், பொத்தானைப் போட்டாள், போட்ட பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தாள். தச்சர் ஒரு கட்டுத் துணித் துண்டுகளை எடுத்து மேசையில் விரித்தார்.

"திண்டுக்குத் துணி. நீலம் இருக்கு, பச்சை இருக்கு, சின்னப் பிள்ளைங்களுக்குப் பொம்மை போட்டது இருக்கு. அழுக்கு தெரியக் கூடாதுன்னா பிரவுன்."

பொம்மை போட்ட துணியின் மேல் அவள் விரல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதைத் தள்ளி வைத்தாள்.

"பிரவுனே போடுங்க" என்றாள். "ரொம்ப நாள் போகணும்ல."