இரண்டாவது ஆளின் பெயர்

1

இந்தக் கதை மாணவர்களின் ஒரு புள்ளித் தாளில் தொடங்கியது. உண்மையைச் சொன்னால், புள்ளி போட மனம் வராமல், அதைத் தள்ளிப்போடத்தான் கதை எழுத உட்கார்ந்தேன். வெள்ளவத்தையில், காலி வீதியோரம் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில், இதழியல் டிப்ளோமா வகுப்பு எடுக்கிறேன். இருபத்துநான்கு பேருக்குப் புள்ளி போட்டாயிற்று. ஒரு கட்டம் காலி. திங்கட்கிழமை தாளை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

முதல் வரைவு இப்படி இருந்தது:

தில்லைநாதன் சேர் கறாரானவர். வகுப்புக்குள் அவர் நுழைந்தால் மாணவர்கள்

இல்லை. தில்லைநாதன் என்று ஒருவரும் இல்லை. என்னை ஆம்பிளையாக்கி, மீசையும் வைத்து, பின்னால் ஒளித்துக்கொள்ளப் பார்த்தேன். அந்த மனுஷன் இரண்டாவது வரியிலேயே படுத்துவிட்டார். நான் நாகேஸ்வரி. அறுபத்தொரு வயது. இருபத்தாறு வருஷம் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். இப்போது ஆறாம் மாடியில் தனியாக இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் ரயில், அதற்கப்பால் கடல். (கடலை வெட்டலாம். வெள்ளவத்தைக் கதை என்றால் கடல் வந்தே ஆகவேண்டுமா என்ன?)

2

என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. இறுதி ஒப்படை, உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றிய கட்டுரை. அவர் தன்னைப் பற்றிச் சொல்வதை மட்டும் நம்பக்கூடாது. அவரை நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் அதை உறுதிப்படுத்த வேண்டும். இரண்டு பேரின் முழுப் பெயரும் கட்டுரையில் வர வேண்டும். ஒரு பெயர் குறைந்தாலும் பூச்சியம். பூச்சியம் வாங்கினால் அடுத்த வருஷம் திரும்பப் படிக்க வேண்டும்.

பஹ்மியா என்னைத் தெரிந்தெடுத்தாள். தெமட்டகொடையிலிருந்து வருகிற பிள்ளை. கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சம்மதித்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று கிழமை கழித்து வந்தாள்.

"மிஸ், ரெண்டாவது ஆள் கிடைக்கல்ல."

"ஷெல்டனோட கதைச்சனீரோ?" ஷெல்டன் எங்கள் பத்திரிகையில் படம் எடுத்தவர்.

"அவர்தான் மொதலாவது ஆள். ஒங்கட பக்கத்து வீட்டு டோரின் ஆன்ட்டிக்கிட்ட கேட்டன். நல்ல மனுஷி, சத்தமே இல்ல எண்டாங்க. பேர் கேட்டா தெரியாதாம். கீழ செக்யூரிட்டி அய்யே ஒங்கள சிக்ஸ் பீ எண்டுதான் சொல்றார்."

சிக்ஸ் பீ என் வீட்டு இலக்கம். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கூடப் பொறந்தவங்க யாரும் ஈக்கிறாங்களா மிஸ்?"

அப்போது என் நெஞ்சுக்குள் ஏதோ

(இந்த வரியை ஒரு மாணவன் எழுதியிருந்தால் சிவப்புக் கோடு போட்டிருப்பேன். என்ன ஏதோ?) வெட்கம். அறுபத்தொரு வருஷம் வாழ்ந்தவளுக்கு, அவளைத் தெரிந்த இரண்டாவது ஆள் அகப்படவில்லை என்பதை ஒரு பிள்ளை குறிப்புப் புத்தகமும் கையுமாக வந்து சொல்கிறாள். எத்தனையோ நாள் யாருடனும் கதைக்காமல் போயிருக்கிறது; அதை நான் எண்ணியதில்லை. அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன்.

"ஒரு தங்கச்சி இருக்கிறா," என்றேன். "கொட்டாஞ்சேனையில."

3

இதைச் சொல்லாமல் கதை நகராது.

2008, யுத்த காலம். கொட்டாஞ்சேனையில் ராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பு. பிடிபட்ட பெடியன்களின் பட்டியல் பின்னேரம் என் மேசைக்கு வந்தது. பன்னிரண்டு பேர். ஏழாவது பெயர் பிரசாந், என் தங்கச்சி உஷாந்தியின் மகன். வயது இருபத்தொன்று. பெயர், வயது, முகவரி எல்லாவற்றையும் அப்படியே பக்கத்துக்கு அனுப்பினேன்.

ஏன் அனுப்பினேன் என்பதற்கு மூன்று வரைவுகள் இருக்கின்றன.

அ) பேப்பரில் பெயர் வந்துவிட்டால் ஆளைக் காணாமல் ஆக்குவது கடினம். அந்த நாளில் நாங்கள் அப்படித்தான் நம்பினோம்.

ஆ) மற்றப் பதினொரு வீட்டுப் பிள்ளைகளைப் போட்டுவிட்டு என் வீட்டுப் பிள்ளையை மட்டும் வெட்டுவது அநியாயம்.

இ) நாகேஸ்வரி எவ்வளவு நேர்மையானவள் என்று சுற்றி இருந்தவர்கள் பார்க்க வேண்டும்.

வகுப்பில் (அ)வை மட்டும் சொல்வேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.

மூன்றாம் நாள் பிரசாந்தை விட்டுவிட்டார்கள். அதற்கு இரண்டு வரி எழுதி வைத்தேன். கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்தது, வரிகளை எடுத்துவிட்டேன். பிடித்ததை வாசித்த வீட்டுக்காரர் மாத முடிவில் அவர்களை வீட்டை விட்டு எழும்பச் சொன்னார். போன இடமெல்லாம் அந்தச் செய்தி முன்னுக்குப் போய் நின்றது. உஷாந்தி ஃபோன் எடுத்து ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"விட்டதைப் போட உனக்கு ரெண்டு வரி கிடைக்கேல்லையோ, அக்கா?"

அதற்குப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை ஒரு மணித்தியாலம்கூட இல்லை. பதினேழு வருஷமாயிற்று.

4

நம்பர் என்னிடம் இருந்தது. ஒரு துண்டில் எழுதி பஹ்மியாவிடம் கொடுத்தேன்.

"நான் தந்தனான் எண்டு சொல்லாதையும்."

"அது பொய் மிஸ்."

நான்தான் படிப்பித்தேன்.

தங்கச்சி அழுதுகொண்டே என் கதவைத் தட்டுவதாக ஒரு வரைவு எழுதினேன். கையில் சாப்பாட்டுப் பார்சல் வேறு. கிழித்துவிட்டேன். ஃபோனை அடித்து வைத்ததாக இன்னொன்று. அதுவும் அவள் இல்லை. நடந்ததைப் பஹ்மியா சொன்னபடி தருகிறேன். ஒரே ஒரு சாட்சிதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உஷாந்தி முதலில், "இது பேப்பரில வருமோ?" என்று கேட்டாளாம். வகுப்புக்குத்தான் என்றதும் இருபது நிமிஷம் கதைத்திருக்கிறாள். நான் கடையில் சாமான் சுற்றித் தந்த பேப்பரைக்கூட வாசித்து முடிக்காமல் எறியமாட்டேன் என்றாளாம். பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் எனக்கு முதலாமிடம் என்று பஹ்மியாவிடம் அளந்திருந்தேன். இரண்டாமிடம் என்று திருத்தியிருக்கிறாள். சரிதான், இரண்டாமிடம்தான்.

கடைசியில், "என்ர பேரைப் போடாதேங்கோ பிள்ளை," என்றாளாம். பெயர் இல்லாவிட்டால் பூச்சியம் என்று பஹ்மியா விளக்கியிருக்கிறாள்.

"அப்ப அதை உங்கட மிஸ்ஸே யோசிக்கட்டும்."

பஹ்மியா பெயரைப் போடவில்லை. "வாக்குக் குடுத்திட்டன் மிஸ். நீங்க பூச்சியம் போட்டாலும் பரவாயில்ல," என்றாள். பரவாயில்லை என்பது பொய். அவளை இன்னொரு வருஷம் படிக்க வீட்டில் அனுப்பமாட்டார்கள். அது எனக்கும் தெரியும்.

கட்டுரையின் கடைசிப் பந்தி இது:

"'அவ பிழை விட்டவ. ஆனா பொய் சொன்னவ இல்லை,' என்றார் அவரை நன்கு அறிந்த ஒருவர்."

நன்கு அறிந்த ஒருவர். பெயர் சொல்ல விரும்பாத ஆட்களுக்காக நாங்கள் பேப்பரில் எத்தனையோ தடவை எழுதிய தொடர். அதை வாசித்துவிட்டு மேசையிலேயே அழுதேன். எனக்கு அப்படி ஒருவர் இருக்கிறார்.

5

பூச்சியம் போட்டால் என் சட்டம் பிழைக்கும். ஆனால் என் தங்கச்சி பதினேழு வருஷத்தில் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை, என் கணக்கில் செல்லாததாகிவிடும்.

புள்ளி போட்டால், ஒருவர் கேட்டுக்கொண்டால் பெயரை வெட்டலாம் என்று ஒப்புக்கொண்டதாகும். அப்படியென்றால் 2008இலும் வெட்டியிருக்கலாம். அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லையே என்று இவ்வளவு காலமும் சொல்லி வந்தேன். கேட்டிருக்க வேண்டியவள் நான். பன்னிரண்டு வீட்டையும் என்னால் கேட்டிருக்க முடியாது. ஒரு வீட்டைக் கேட்டிருக்கலாம். ஃபோன் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

வாசகர்களே, உஷாந்தி என்பது என் தங்கச்சியின் பெயர் இல்லை. அவளுடைய மகனுக்குப் பிரசாந் என்றும் பெயர் இல்லை. முந்திய வரைவுகளில் உண்மைப் பெயர்களைத்தான் எழுதினேன், பழக்கதோஷம். பிறகு ஒவ்வொரு இடமாகத் தேடி வெட்டினேன்.

ஆகவே காலிக் கட்டத்தில் என்ன எழுதப் போகிறேன் என்பது உங்களுக்கு விளங்கியிருக்கும். எழுதி முடித்ததும் தங்கச்சியின் நம்பரை அழுத்துவேனா என்பதுதான் மிச்சம். அழுத்துவேன் என்று சொல்ல ஆசை. ஆனால் அதை உறுதிப்படுத்த என்னிடம் ஓர் ஆள்கூட இல்லை, உறுதியில்லாததை நான் எழுதுவதுமில்லை. நீங்கள் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.