எண்ணிக்கை நாளுக்கு அப்புறம் வந்த பத்தொன்பது பேர்

லிஃப்டுக்குக் காத்திருந்தால் பள்ளிக்கூடம் கைவிட்டுப் போய்விடும். வெர்னெட்டா ஹோல்ப்ரூக் ஹீல்ஸைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு நான்காவது மாடிக்குப் பாய்ந்தாள். மறுகையில் பத்தொன்பது தாள்கள்.

டெட்ராய்ட்டின் கிழக்குப் பக்கத்தில் அரசுப் பணத்தில் அவள் தனியாக நடத்தும் சார்ட்டர் உயர்நிலைப் பள்ளிக்கு உரிமம் நீடிக்குமா, பூட்டா? உரிமம் தந்த பல்கலைக்கழகத்தின் குழு பன்னிரண்டு மணிக்குச் சொல்லிவிடும். மணி பதினொன்றே முக்கால்.

கதவைத் தள்ளினாள். பக்கத்துச் சார்ட்டர் பள்ளியின் தலைவர் கார்ல்டன் ஈஸ்லி திரை முன்னால் நின்றிருந்தார்.

"ரெண்டு ஸ்கூலுக்கும் அரசாங்கம் தர்றது பிள்ளைக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு டாலர்தான். பதினொண்ணாங் கிளாஸ் பரீட்சைல எங்க சராசரி மார்க் தொள்ளாயிரத்து நாப்பது. அவங்களுது எண்ணூத்தி அறுபது. அந்தக் கட்டடத்தை எங்ககிட்ட குடுங்க." திரும்பினார். "வாங்க சிஸ்டர். செருப்பு கால்ல போடுறது."

"ஓடி வந்தேன் டாக்டர். உங்களுக்குத்தான் உட்கார்ந்தே ஜெயிச்சுப் பழக்கம்."

குழுத் தலைவி திருமதி ட்ருஷ்கோவ்ஸ்கா மேசையைத் தட்டினார். "விஷயத்துக்கு வாங்க."

"அக்டோபர் முதல் புதன், எண்ணிக்கை நாள். அன்னைக்குப் பிள்ளை எந்த பெஞ்சுல உட்காருதோ, வருஷத்துக் காசுல பெரும்பங்கு அந்த ஸ்கூலுக்குத்தான். அதுக்குத்தானே அன்னைக்கு எல்லாரும் பீட்சா வாங்கிப் போடுறோம்?"

சிரிப்பு எழுந்தது. ஈஸ்லியும் சிரித்தார்.

"அன்னைக்கு என் பதினொண்ணாங் கிளாஸ்ல அம்பத்தெட்டு பேர். ஏப்ரல்ல பரீட்சை எழுதினது எழுபத்தேழு. நடுவுல வந்த பத்தொன்பது பேருக்கு எனக்குக் கிடைச்சது சில்லறை."

"அவங்க மார்க்கைக் கழிச்சுட்டுப் பார்க்கணும்கிறீங்களா?"

"ஒருத்தரைக்கூடக் கழிக்க விடமாட்டேன் மேடம். அவங்களும் என் பிள்ளைங்கதான். காசு எங்க தங்கிடுச்சுன்னு மட்டும் கேளுங்க."

"வாடகை ஏறினா ஜனங்க தெரு மாறுவாங்க சிஸ்டர். டெட்ராய்ட்டுக்கு இது புதுசா?" என்றார் ஈஸ்லி.

"ஒருத்தரும் தெரு மாறலை. எல்லாரும் அதே வீட்டுலதான் இருக்காங்க."

தாள்களைத் தலைவியின் முன்னால் வைத்தாள். மாற்றுச் சான்றிதழ்கள். அத்தனையிலும் நவம்பர் தேதி. தலைவி காரணத்தைச் சத்தமாகப் படித்தார்: "'எங்கள் பள்ளியின் வேகத்துக்கு ஒத்துவர மாட்டார்.'" அடுத்த தாளைப் புரட்டினார். அதே வரி. அதற்கடுத்ததிலும்.

கடைசித் தாளை அடைந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"பத்தொன்பதுலயும் கீழே இருக்கறது உங்க கையெழுத்துதானே, டாக்டர் ஈஸ்லி?"