பைப்புக்காரர் வீட்டு நாற்காலி

முதல் கூட்டத்தில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். போதகர், சபைச் செயலாளரும் ஊரில் பிளம்பருமான பைப்புக்காரர், ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கிச் சாவிக் கொத்தும் வைத்திருக்கும் சாவியம்மா, எலெக்ட்ரீஷியனாக இருக்கும் என் தம்பி, லாண்டரியில் வேலை பார்க்கும் அவன் மனைவி, நான். ஏழாவதாகத் தானும் இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர், தேநீர் இருக்கிறதா என்று வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அதை இருந்ததாகச் சொல்ல முடியாது.

நான் முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, கடைசி ஒன்பது வருஷம் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவள். சபையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் நான் பெரியக்கா. முதுகுக்குப் பின்னால் எனக்கு இஸ்திரி என்று ஒரு பெயர் உண்டு என்பதும் தெரியும். கசங்கினவள் என்று பெயர் எடுப்பதைவிட அது மேல்.

பேச்சை எடுத்தவள் தம்பி மனைவி. லாண்டரியில் துணி எண்ணுகிறவளுக்கு யார் வீட்டில் எத்தனை கோட்டு வருஷக்கணக்காகச் சும்மா தொங்குகிறது, யார் ஒரே ஸ்வெட்டரைத் துவைத்துத் துவைத்துப் போடுகிறார்கள் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். வீடுகளில் தேவையில்லாமல் கிடக்கும் துணி, பாத்திரம், மேஜை, விளக்கு எல்லாவற்றையும் வாங்கிச் சுத்தம் செய்து ஓர் அறையில் வைப்போம், வேண்டியவர்கள் வந்து எடுத்துப் போகட்டும், பெயர் எழுத வேண்டாம், எதற்கு என்று கேட்க வேண்டாம், இதையே ஓர் ஊழியமாகச் செய்வோம் என்றாள்.

என்னிடம் அவள் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வீட்டிலேயே நிறுத்தியிருப்பேன். எங்கள் அப்பா யாருக்கும் பழையது கொடுத்ததில்லை. கொடுத்தால் கடையில் வாங்கி, மடிப்புக் கலையாமல் கொடுப்பார். வாங்கியதும் இல்லை. உடுத்திக் கழித்ததை அடுத்தவர் கையில் கொடுப்பது அவரை அவமதிப்பது என்று கேட்டே நான் வளர்ந்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் பைப்புக்காரர் முந்திக்கொண்டார். ஆஸ்பத்திரி வேலையை வைத்து அவர் என்னை சிஸ்டர் என்றுதான் சொல்வார்.

"சிஸ்டர் வீட்டுத் துணியைப் போட்டுக்கணும்னா முதல்ல முதுகை நிமிர்த்தக் கத்துக்கணுமே. அதுக்கும் ஒரு கிளாஸ் வெப்பீங்களா?"

போதகர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

பைப்புக்காரருக்கும் எங்கள் வீட்டுக்கும் பதினாறு வருஷமாக நல்ல பேச்சு கிடையாது, கிண்டல் மட்டும்தான். எங்கள் குடும்பம் முதல் வரிசையில் உட்காருவது பக்தியினால் அல்ல, காது மந்தத்தினால் என்று அவர் ஒரு கூட்டத்தில் சொன்னார். அப்பாவுக்கு அப்போது உண்மையிலேயே காது கேட்காது. அதனால்தான் அதை மன்னிக்க முடியவில்லை.

அவர் கிண்டல் செய்த பிறகு எனக்குப் பின்வாங்க வழியில்லை. வீட்டுக்குள் நானும் தம்பி மனைவியும் ஆயிரம் பேசிக்கொள்வோம். வெளியே அவள் வாயிலிருந்து வந்தது எங்கள் வீட்டு வார்த்தை. இந்த ஊழியத்தை நாங்களே முன்னின்று நடத்துகிறோம் என்று சொன்னேன். ஃபியூஸ் போன வீட்டில் தானாக விளக்கு எரிந்தால் எப்படிப் பார்ப்பானோ, அப்படித் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருந்த பக்கத்து அறையை இளைஞர் வகுப்புக்குப் பைப்புக்காரர் ஏற்கெனவே கேட்டிருந்தார். போதகர் ஒரு முடிவு சொன்னார். நாலு ஞாயிறு அறை எங்களுக்கு. அதற்குள் யாரும் எதையும் எடுத்துப் போகவில்லை என்றால் அது இளைஞர்களுக்கு. பைப்புக்காரர் உடனே சம்மதித்தார். சபையாரின் குணம் அவருக்குத் தெரியும்.

தம்பி மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம். அன்றுதான் அவள் ஒரு கூட்டத்தில் முதல்தடவையாக வாயைத் திறந்தாள். அறை கைவிட்டுப் போனால் இனித் திறக்கமாட்டாள். அவள் சொன்னது பலிக்காமல் போனதாக ஒரு பேச்சு வருவதை நான் அனுமதிக்கப் போவதில்லை.

அறையை வார்டின் துணி ஸ்டோர் மாதிரியே நடத்தினேன். மடிப்பு வெளியே பார்க்கவேண்டும், ஓரம் உள்ளே போகவேண்டும். பொத்தான் இல்லாத சட்டை அலமாரி ஏறக்கூடாது. தம்பி ஒவ்வொரு விளக்கையும் கெட்டிலையும் சொருகிப் பார்த்து, எரியாததைப் பிரித்துச் சரிசெய்தான். அவன் மனைவி முதலாளியிடம் கேட்டு, லாண்டரி மெஷின் ஓய்ந்திருக்கும் நேரத்தில் மூட்டை மூட்டையாகத் துவைத்து எடுத்து வந்தாள். கதவில் நானே ஒரு அட்டை எழுதி ஒட்டினேன்: நாங்கள் பயன்படுத்தத் தயங்கும் எதையும் இங்கே வைப்பதில்லை.

தேறாததை நானே கொண்டுபோய்க் கொடுத்தவர் வீட்டிலேயே திருப்பிக் கொடுத்தேன். பல் போன சீப்பு, பிடி இல்லாத வாணலி, பாதி போட்டு முடித்த குறுக்கெழுத்துப் புத்தகம். பாடகர் குழுவில் உச்சக் குரலில் பாடுகிற அம்மா ஒற்றைச் செருப்பு ஒன்றை அனுப்பியிருந்தார். திருப்பிக் கொடுத்தபோது, ஏழைகளுக்குத்தானே பெரியக்கா என்று இழுத்தார்.

"ஏழைக்கும் ரெண்டு கால்தாம்மா," என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் அவரே ஒரு ஊதாக் கம்பளிக் கோட்டை நேரில் கொண்டுவந்து தந்தார். நல்ல கோட்டு. லைனிங்கூடக் கிழியவில்லை.

முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூட்டம் வந்தது. எல்லோரும் அலமாரிகளைச் சுற்றிப் பார்த்து, கடை மாதிரியே இருக்கிறது என்று புகழ்ந்து, கையை வீசிக்கொண்டு போனார்கள். இரண்டாவது ஞாயிறும் அப்படியே. ஒரு பெண் ஒரு சால்வையைத் தோளில் போட்டுப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவள், அட, இது டீச்சரம்மாவோடதுல்ல என்றாள். சால்வை அந்த நிமிஷமே அலமாரிக்குத் திரும்பியது. எங்கள் சபை சின்னது. யார் எதை எந்த வருஷம் போட்டிருந்தார்கள் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். இங்கிருந்து எதை எடுத்துப் போட்டாலும் அதைக் கொடுத்தவருக்கு எதிரில்தான் போடவேண்டும். இதை நானோ தம்பி மனைவியோ யோசிக்கவே இல்லை. வார்டில் போர்வைக்கு முகம் கிடையாது.

மூன்றாவது ஞாயிறும் ஒரு கரண்டிகூடப் போகவில்லை. பைப்புக்காரர் அளவு நாடாவோடு வந்து, இளைஞர்களுக்குக் கரும்பலகை மாட்டுவதற்குச் சுவரை அளந்துவிட்டுப் போனார். தம்பி மனைவி ஏற்கெனவே மடித்திருந்த சட்டைகளை எடுத்து மறுபடி மடித்தாள்.

சாவியம்மா வாரா வாரம் அந்த ஊதாக் கோட்டின் தோளை மட்டும் நேராக்கிவிட்டுப் போவதை நான் கவனித்திருந்தேன். குளிரில் விடியற்காலையே வந்து ஆலயத்தைத் திறக்கிறவர் அவர். மேலே மெல்லிய ஸ்வெட்டர் ஒன்றுதான். அன்று எல்லோரும் போன பிறகு, எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டேன். கேட்கக்கூடாது என்பது எங்கள் விதி. கேட்டது என் தப்புத்தான்.

"கதவுல இருக்கிற அட்டையை நான்தான் தினம் துடைக்கிறேன் பெரியக்கா. பயன்படுத்தத் தயங்கினா வைக்கமாட்டோம்னு எழுதியிருக்கீங்க. சரி. இதுவரைக்கும் நீங்க ஏதாவது எடுத்தீங்களா?"

தரையில் கிடந்த நூல் துணுக்கைத் துடைப்பத்தால் ஓரமாகத் தள்ளினார்.

"முதல்ல எடுக்கிறவ மேலதான் எல்லார் கண்ணும் விழும். அது நானாத்தான் இருக்கணுமா?"

கோபமாகச் சொல்லவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கதவைப் பூட்ட வேண்டும், நகருங்கள் என்றார். நகர்ந்தேன்.

புதன்கிழமை பைப்புக்காரர் தன் வேனில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து இறக்கினார். காலமான அவர் அம்மாவுடையது. கெட்டி மரம், உயரமான இருக்கை, அகலமான கைப்பிடி.

"எல்லாக் கமிட்டியிலயும் நாற்காலிக்குத்தான் அடிச்சுக்கறாங்க. இந்தாங்க, சும்மாவே ஒண்ணு," என்று என் தம்பியிடம் சொன்னார். எனக்குக் கேட்கும்படிதான் சொன்னார்.

நாற்காலி வந்தால் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் வைப்பது. உட்கார்ந்தேன். இடது கைப்பிடி லேசாக ஆடியது. எழுந்திருக்கும்போது இரண்டு கையையும் ஊன்றி ஒரே மூச்சில் எழுந்துவிட்டேன். அப்படி எழுந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

என் முழங்கால் கெட்டுப்போனது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. என் அறையில் இருக்கும் நாற்காலி தாழ்வானது. ஜன்னல் கம்பியைப் பிடித்துத்தான் எழுந்திருப்பேன். யாராவது உள்ளே வந்தால், தெருவைப் பார்க்க எழுந்து நின்றவள் போல நின்றுகொள்வேன். அக்காவுக்கு இப்போதெல்லாம் வேடிக்கை பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது என்று தம்பி கேலி செய்வான். செய்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். சொன்னால் மறுநாளே வேறு நாற்காலி வாங்கிவிடுவான். அதற்கு முதலில் முடியவில்லை என்று சொல்ல வேண்டும்.

நான்காவது ஞாயிறு காலை, புறப்படும்போது நான் ஒன்றை எடுத்து வரப்போகிறேன் என்று தம்பியிடமும் அவன் மனைவியிடமும் சொன்னேன். எது என்றும் சொன்னேன், ஏன் என்றும் சொன்னேன். தம்பி முகம் சுருங்கிவிட்டது.

"நாற்காலி வேணும்னா நான் வாங்கித் தரமாட்டேனா அக்கா? அங்கேயிருந்து எடுத்தே ஆகணும்னா ஒரு குடையை எடுத்துக்கோ. பைக்குள்ள போயிடும்."

"பைக்குள்ள போறதை எடுத்தா யாருக்குடா தெரியும்?"

அவன் மனைவி மட்டும், "வேண்டாம் அண்ணி. என்னால நீங்க அந்த ஆளுகிட்டப் போய் நிக்க வேண்டாம். அறை போனாப் போகட்டும்," என்றாள்.

அவளுக்காக மட்டும் இல்லை, முழங்காலுக்கும் சேர்த்துத்தான் என்றேன். அது உண்மை. பாதிப் பொய்யோடு அந்த அறைக்குள் போக எனக்கு இஷ்டமில்லை.

ஆராதனை முடிந்து எல்லோரும் முற்றத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்றார்கள். அறைக்குள் போய் அந்த நாற்காலியைத் தம்பியைத் தூக்கச் சொல்லி, முற்றத்தின் நடுவில் வைக்கச் செய்தேன். பைப்புக்காரர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி நின்றார். நேராக அவர் எதிரில் போய் நின்றேன்.

"இது உங்க அம்மா நாற்காலி. எனக்கு முழங்கால் சரியில்லை. தாழ்வான நாற்காலியில உட்கார்ந்தா எழுந்திருக்க முடியல. இதை நான் எடுத்துக்கறேன்."

பிஸ்கட் உடைந்து தேநீருக்குள் விழுந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. கிண்டல் ஒன்று வரும் என்று நான் தயாராகத்தான் இருந்தேன். பதிலும் கைவசம் வைத்திருந்தேன். அவர் நாற்காலியைப் பார்த்தார், பிறகு என் முழங்காலைப் பார்த்தார்.

"அம்மாவும் கடைசியில இப்படித்தான் கஷ்டப்பட்டாங்க," என்றார். "இடது கைப்பிடி ஆடும் சிஸ்டர். அப்படியே உட்காராதீங்க. நாளைக்கு வந்து முடுக்கித் தரேன்."

"பத்து மணிக்கு மேல வாங்க," என்றேன்.

முதலில் நகர்ந்தவர் சாவியம்மாதான். அறைக்குள் போய், ஊதாக் கோட்டை மாட்டிக்கொண்டே வெளியே வந்தார். நேராகப் பாடகர் குழு அம்மாவிடம் போய், கை கொஞ்சம் நீளம், மடித்துத் தைக்கலாமா என்று கேட்டார். அந்த அம்மா தானே தைத்துத் தருவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு அறை வாசலில் வரிசை நின்றது. சால்வையை எடுத்தவள் டீச்சரம்மாவிடமே அது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கெட்டில் இரண்டும் போயின. பைப்புக்காரர் இஸ்திரிப் பெட்டி ஒன்றைப் புரட்டிப் பார்த்து, தன் வீட்டில் இருப்பதைவிட இது தேவலை என்று எடுத்துக்கொண்டார். இளைஞர் வகுப்புக்குப் பெரிய கூடத்தின் பின்பக்கம் போதுமானது என்று போதகரிடம் அவரே சொன்னார்.

நாற்காலியைத் தம்பி தலைகீழாகத் தலையில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாகவே நடந்தான். பின்பக்கச் சந்து வழியாகப் போகலாமா என்று கேட்டான், வேண்டாம் என்றேன். நானும் அவன் மனைவியும் அவனுக்கு முன்னால் நடந்தோம். அவள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். இப்போது எல்லாக் கூட்டத்திலும் அப்படித்தான் பேசுகிறாள், சில சமயம் தேவைக்கு மேலேயே. போதகர் இரண்டாவதாக ஓர் அறை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமை பத்தே காலுக்குப் பைப்புக்காரர் வந்தார். கைப்பிடியைக் கழற்றி, பசை தடவி, முடுக்கிக் கொடுத்தார். நாற்காலியைத் தவிர வேறு எதைப் பற்றியும் நாங்கள் பேசவில்லை. பதினாறு வருஷத்துக்குப் பிறகு ஒரே நாளில் அதற்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டியிருக்கிறது. அந்த நாற்காலிக்கு ஈடாக நான் கடையில் புது நாற்காலி ஒன்று வாங்கி, யாருக்கும் தெரியாமல் பைப்புக்காரர் வீட்டில் இறக்கிவிட்டேன் என்று சபையில் ஒரு பேச்சு உலவுகிறது. எங்கள் குடும்பத்தின்மீது மரியாதை உள்ளவர்கள்தான் இதைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள் என்று தெரிகிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை. நாற்காலியைச் சும்மாதான் வாங்கிக்கொண்டேன்.