பஸ்தியாம்பிள்ளையின் புகை

எங்கள் தீவில் புகை மேலே போவதில்லை. யார் விட்டாரோ அவர் பின்னால் வீட்டுக்குப் போய் அங்கேயே இருந்துவிடும். நாங்கள் எல்லோரும் வெங்காயப் பயிர் செய்கிறவர்கள். கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் மிசின் ஓடும், தோட்டத்தில் சருகு எரியும். என் வீட்டில் புகைகள் அறைக்குள் படுத்தன. நான் விறாந்தையில் படுத்தேன்.

சிக்கல் படகில்தான் வந்தது. அக்கரைக்குப் போகிறவரோடு மட்டும் அவருடைய புகையும் வீட்டிலிருந்து வந்து ஏறும். ஆஸ்பத்திரி அக்கரையில்தான். ஜெசிந்தாவுக்குப் பிள்ளைவலி கண்ட அன்று படகில் இடமில்லை.

"ஆக்கள் கொஞ்சப்பேர்தான், மிச்சமெல்லாம் புகை," என்றார் படகோட்டி சிலுவைராசா. "இறங்கச் சொன்னா இறங்குதுகளில்லை."

ஜெசிந்தா இறங்குதுறையிலேயே பெற்றாள். பிள்ளை மூச்செடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுவரை நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கூடினோம். ஒருவர் மட்டும் குறைத்துப் பயனில்லை. புகை இல்லாத வீட்டைக் கண்டால் மற்ற வீட்டுப் புகை அங்கே குடிபோய்விடும். எல்லோரும் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும். ஊருக்குப் பொதுவாக ஒரு சோலர் பம்பு வைத்து முறைபோட்டு இறைப்பது, சருகை எரிக்காமல் மண்ணில் புதைப்பது என்று முடிவாயிற்று. தீனி கிடைக்காத புகைகள் தானாக மெலிந்து போய்விடும்.

மரியகொறற்றி அக்கா மட்டும் கை உயர்த்தவில்லை. அவருடைய கணவர் பஸ்தியாம்பிள்ளை போன மாரியில் இறந்துபோனவர். அவருடைய புகை வீட்டில் இருந்தது. அவர் சாய்ந்திருந்த கதிரையில்தான் இருக்கும். அக்கா பின்னேரங்களில் அவருடைய மிசினைச் சற்று ஓடவிட்டு அதற்குத் தீனி கொடுத்துவந்தார்.

"நீங்கள் எல்லாரும் நிப்பாட்டுங்கோ. என்னை விட்டுடுங்கோ," என்றார்.

"நாங்கள் நிப்பாட்டினா ஊரெல்லாம் வெறும் வீடு அக்கா," என்றேன். "அது உங்களை விட்டுட்டு வெளிக்கிட்டிடும்."

அக்கா அதை யோசித்திருக்கவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

ஜெசிந்தா பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். "எங்கட வீட்டுக்கு வந்தா நான் கூட்டிக்கொண்டு வந்து விடுறன், அக்கா," என்றாள்.

ஊருக்கு ஒரு புகை என்று ஒத்துக்கொண்டோம்.

வெங்காயம் கிண்டி எடுப்பதற்குள் மற்றப் புகைகள் போய்விட்டன. நான் அறைக்குள் படுக்கத் தொடங்கினேன். பஸ்தியாம்பிள்ளையின் புகை நாங்கள் நினைத்தபடியே வீடு வீடாகப் போனது. என் விறாந்தையில் சில மத்தியானங்கள் இருந்தது. பொழுதுபடும்போது, "வாங்கோ அண்ணை, அக்கா தேடுவா," என்பேன். எழுந்து வரும். தன் வீட்டு வாசல் படலையடியில் அக்கா நிற்பார். "இண்டைக்கு இவரிட்டயோ?" என்று அதனிடம் கேட்டுக்கொண்டு உள்ளே கூட்டிப்போவார். ஜெசிந்தாவின் பிள்ளைக்கு ஊசி போடும் நாட்களில் படகில் தாயும் பிள்ளையும் காலை நீட்டி இருந்து போனார்கள்.

மாரி தொடங்கிய ஒரு காலை, கிழக்கே இருந்த தீவு மிதந்து வந்து எங்கள் இறங்குதுறையில் நின்றது. அங்கேயும் வெங்காயம்தான். அதன் கரையில் நின்றவர்களைப் புகைக்குள் சரியாகத் தெரியவில்லை. எப்படிக் குறைத்தீர்கள் என்று கேட்டறிந்து போக வந்ததாக ஒரு குரல் சொன்னது.

"இந்தப் பக்கம் ஆழம் காணாது," என்றார் சிலுவைராசா. "தீவைத் தெற்கால கொண்டுவந்து கட்டுங்கோ."