குகனின் சுவெட்டர்

நான் அளந்தது தவறு என்றான் குகன். அவன் அளந்ததுதான் தவறு என்றேன் நான். எங்கள் ஆய்வை மேற்பார்வையிடும் டாக்டர் குணபூசணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரே பதில் வரோணும். இல்லாட்டி பினாங்கு கருத்தரங்கில உங்கட ரெண்டு பேர்ட பேரும் இராது."

அன்று செவ்வாய்.

எங்கள் வேலை இதுதான். உடம்பின் ஒவ்வொரு செல்லையும் மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. அதேபோன்ற சவ்வால் ஆன குட்டிக் குமிழிகளைக் கோலாலம்பூர் ஆய்வகத்தில் செய்து, லோர்டான் என்ற சாயத்தைக் கலப்போம். புற ஊதா ஒளி பட்டால் அது மின்னும். சவ்வு இறுகியிருந்தால் நீலம், இளகியிருந்தால் பச்சை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று தன் நிலைமையை நிறமாகச் சொல்கிறது! இரண்டு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

செம்பனை எண்ணெயில், அதாவது பாமாயிலில், இருந்து பிரித்த வைட்டமின் ஈ-யைச் சேர்த்தால் சவ்வு என்ன ஆகும்? இதுதான் கேள்வி. சேர்த்ததையும் சேர்க்காததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். இறுகுகிறது என்று நான் ஐந்து முறை கண்டேன். இளகுகிறது என்று அவன் ஐந்து முறை கண்டான். ஒரே புட்டி, ஒரே கருவி, ஒரே செய்முறைத் தாள்.

"தாமரை, நீ கிள்ளான்ல இருந்து ட்ரெயின்ல நசுங்கி வர்ற. உன் வேர்வைதான் சாம்பிள்ல சொட்டியிருக்கும் லா."

"செராஸ்ல இருந்து பதினொரு மணிக்கு வர்றவன் பேசாத. நீ வர்றதுக்குள்ள நான் வேலைய முடிச்சு நாசி லெமாக்கும் சாப்பிட்டிருப்பேன்."

வியாழக்கிழமை நானே அசந்து தூங்கிவிட்டேன். ஆய்வகத்துக்குப் போனபோது மணி பன்னிரண்டு. அவசரமாக அளந்தேன். இந்த முறை வைட்டமின் சேர்த்த சவ்வு இளகியிருந்தது.

"பாத்தியா! பாத்தியா!" குகன் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான். "வா, டாக்டர்கிட்ட போலாம்."

"இரு லா."

என் கை தவறு செய்யாது. அப்படியென்றால் வேறு ஏதோ மாறியிருக்கிறது. விரல்கள் விறைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"ஆமா, நீ ஏன் எப்பவும் சுவெட்டரோட திரியிற?"

"பின்ன? மத்தியானம் இந்த ரூம் பாசார்ல மீன் வைக்கிற ஐஸ் பெட்டி மாதிரி இருக்கு."

"காலையில எனக்கு வேர்த்து ஊத்துது!"

"ஏர்கோன் ஒம்பது மணிக்குத்தான போடுறாங்க. நீ எட்டு மணிக்கே அளந்தா..."

அவன் பாதியில் நிறுத்தினான். நான் ஓடிப்போய்த் தாளை எடுத்தேன். 'அறை வெப்பநிலையில் அளக்கவும்' என்றிருந்தது. எந்த அறை? எத்தனை மணிக்கு? வெப்பமானி பத்தொன்பது காட்டியது. மற்ற நாள்களில் நான் அளந்தபோது குறைந்தது இருபத்தொன்பது இருந்திருக்கும். நாங்கள் எடுத்த கொழுப்போ இருபத்து நான்கு டிகிரியில் இறுக்கம் விட்டு இளகக்கூடியது. அப்படியென்றால் அவன் வைட்டமினைச் சேர்த்தது குளிரில் இறுகிக் கிடந்த சவ்வில், நான் சேர்த்தது சூட்டில் இளகிய சவ்வில். இது எங்கள் இருவருக்கும் மனப்பாடம். ஆனாலும் இத்தனை நாள் ஒரே அறையில்தான் வேலை செய்கிறோம் என்று நம்பியிருந்தோம்.

பக்கத்து ஆய்வகத்தில் கெஞ்சி, வெப்பத்தை நிலையாக வைக்கும் நீர்த்தொட்டியை இரவல் வாங்கினோம். அதன் குழாயைக் கருவியில் மாட்டியதும் ஒழுகியது. குகன் தான் குடிக்க வாங்கிவந்த காப்பிப் பையின் வாயில் கட்டியிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றிக் குழாயில் சுற்றினான். பதினைந்தில் தொடங்கி முப்பத்தொன்பது வரை, இரண்டிரண்டு டிகிரியாக அளந்தோம்.

வெள்ளிக்கிழமை டாக்டர் முன்னால் வரைபடத்தை வைத்தேன். குளிரில் வைட்டமின் சவ்வை இளக்குகிறது. சூட்டில் இறுக்குகிறது. வைட்டமின் சேர்த்ததன் கோடும் சேர்க்காததன் கோடும் இருபத்து நான்கை ஒட்டி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின.

"அப்ப ஆர் சரி?"

"நான்தான் டாக்டர். இவனும் சரிதான், குளிர்ல மட்டும்."

"நீ வெக்கையில மட்டும்," என்றான் குகன்.

டாக்டர் சிரித்துவிட்டார். "ரெண்டு பேர்ட பேரும் போகும். பேசுறது ஒராள்தான். மனுசன்ட உடம்பு எத்தனை டிகிரி, குகன்?"

"முப்பத்தேழு," என்று முனகினான்.

"அப்ப தாமரை பேசட்டும்."

வெளியே வந்ததும் செய்முறைத் தாளில் 'அறை வெப்பநிலை' என்ற வரியை அடித்துவிட்டு, 'டிகிரியை எழுதவும்' என்று பெரிதாக எழுதினேன். குகன் சுவெட்டரைக் கழற்றி என் தலைமேல் போட்டான்.

"எடுத்துட்டுப் போ லா. பினாங்கு ஹால்ல ஏர்கோன் இதவிட மோசம். மேடையில நின்னு நீ நடுங்குனா, என் டேட்டாதான் சரின்னு எல்லாரும் நினைச்சுக்குவாங்க."