திரும்பவும் தப்பாகவே வந்தது

"அக்கா, நான்தான், தவளை பேசறேன். எங்கயோ நல்லா சொதப்பிட்டேன் போலிருக்கு."

ஃபோனில் இந்தக் குரல் வந்தபோது அக்கா ஆய்வகக் கதவில் மறுநாள் நேர்காணலுக்கான அறிவிப்பை ஒட்டிக்கொண்டிருந்தாள். பசை நாடாவின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் பெண் ஃபோன் செய்வது ஒன்றும் புதிதில்லை. ஆய்வகத்தின் இணையப் பக்கத்தில் வேலை விளம்பரம் வந்ததிலிருந்து, சந்தேகம் கேட்க என்று போட்டிருந்த அக்காவின் எண்ணில் உண்மையிலேயே சந்தேகம் கேட்ட ஒரே ஆள் இவள்தான். மற்றவர்கள் விடுதி உண்டா, லீவு உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். இவள் ஏதோ ஒரு சின்னக் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறவள். "தவளையை அறுத்ததைத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுக்கா. புரோகிராம் எழுதறதெல்லாம் ஃபோன்ல வீடியோ பாத்துக் கத்துக்கிட்டதுதான்" என்று முதல் நாளே சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்து ஆய்வகத்தில் அவள் பெயர் தவளை. அவளும் ரோஷப்படாமல் அதையே தன் பெயராக வைத்துக்கொண்டுவிட்டாள்.

விளம்பரத்தில் மாணவர்களுக்குப் பயிற்சி இடம் இரண்டு, தவளை விண்ணப்பித்திருந்தது அதற்குத்தான்; ஆராய்ச்சிப் பணி ஒன்று. அந்த ஒன்று, அக்கா இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலிதான். பழைய திட்டம் முடிகிறது, அதோடு அவளுடைய ஒப்பந்தமும் முடிகிறது. புதுத் திட்டத்தில் அதே வேலைக்கு ஊரில் உள்ள எல்லாரையும் போல அவளும் விண்ணப்பிக்க வேண்டும். "பேருக்குத்தான்மா விளம்பரம். உன்னை மனசுல வச்சுத்தான் போட்டிருக்கேன்" என்று புரொஃபசர் சொல்லியிருந்தார். அவர் சொன்ன சொல் தவறாதவர்தான். ஆனால் தேர்வுக் குழுவில் வெளியிலிருந்தும் ஒருவர் வருகிறார், அவர் மனதில் யார் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? விளம்பரத்தைத் தட்டச்சு செய்ததும் அக்காதான், மாணவர்களைத் தேர்ந்தெடுக்க முன்கூட்டியே செய்துவரச் சொல்லும் பயிற்சியைத் தயாரித்ததும் அக்காதான், குழுவுக்கு டீ சொல்லி வைத்ததும் அக்காதான். தான் குடியிருக்கும் வீட்டை வாடகைக்குப் பார்க்க வருகிறவர்களுக்குத் தானே சாவியை எடுத்துக் கொடுப்பது போலிருந்தது அவளுக்கு.

அந்த ஆய்வகத்தில் நுண்ணோக்கியும் கிடையாது, கண்ணாடிக் குடுவையும் கிடையாது. மருத்துவமனையிலிருந்து நோயாளிகளின் திசுவில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று எண்களாக வந்து சேரும். கணினிகள் அவற்றை மென்று தின்று கடைசியில் ஒரு படத்தைத் துப்பும். எண்கள் நுழைவதிலிருந்து படம் வெளியே வருவது வரை ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் புரோகிராம்களுக்குப் பைப்லைன் என்று பெயர். அதை எழுதியவள் என்பதால் பிள்ளைகளுக்கு அவள் பைப்லைன் அக்கா. இது தெரிந்த நாளிலிருந்து வீட்டில் குழாய் ஒழுகினால் அவள் கணவன் ஸ்பானரை எடுத்து அவள் கையில் கொடுத்துவிடுவான்.

அந்தப் பைப்லைனில் பிறந்ததுதான் அவளுடைய கட்டுரை. ஒரு மருந்து யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்று முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் சில மரபணுக்களைக் கண்டுபிடித்துச் சொன்ன கட்டுரை. முதல் பெயர் அவளுடையது. அவள் விண்ணப்பம் மொத்தமும் அந்த ஒற்றைக் காலில்தான் நிற்கிறது. மாணவர்களுக்குத் தேர்வுப் பயிற்சியாக அதே தரவையே கொடுத்து, அதே முடிவுக்கு வருகிறார்களா பார்க்கலாம் என்றாள். கொஞ்சம் பெருமையும் அதில் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

"என்ன சொதப்பின? அழாம சொல்லு" என்றாள் அக்கா, நாடாவை வாயிலிருந்து எடுத்துவிட்டு.

"கட்டுரையில இருக்கற மாதிரியே எல்லாம் வந்துருச்சுக்கா. ஆனா அதுக்கு முன்னாடி, வீடியோல சொன்னாங்களேன்னு, ஆம்பளை சாம்பிளையும் பொம்பளை சாம்பிளையும் பிரிச்சுப் பாத்தேன். ஆம்பளைங்க திசுவுல மட்டும் வேலை செய்யற ஜீன் சிலது இருக்குல்ல? அதை வச்சு. ஒரு பொம்பளை ஆம்பளைங்க கூட்டத்துல போய் நிக்கிறாங்க. ஒரு ஆம்பளை இந்தப் பக்கம் வந்துட்டாரு. படம் மெயில்ல அனுப்பியிருக்கேன். நான் எங்க தப்பு பண்ணேன்னு பாருங்கக்கா."

அக்காவின் வாயில் பதில் தயாராக இருந்தது. வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். "பழைய ஜீன் பட்டியலை எடுத்திருப்ப. புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்புதான். அந்தப் படத்தை எடுத்துட்டு மிச்சத்தை மட்டும் காட்டு, போதும்."

"அப்படியாக்கா? அப்பாடா. உயிர் வந்துச்சு. நான் பயந்தே போயிட்டேன்."

ஃபோனை வைத்த பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. இவ்வளவு சின்ன விஷயம், பள்ளிக்கூடப் பிள்ளை செய்கிற காரியம், தான் அதைப் பார்த்தோமா? நாற்காலியில் உட்கார்ந்து மெயிலைத் திறந்தாள். படம் சுத்தமாக இருந்தது. சரியான பட்டியல், சரியான கணக்கு. ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள், இரண்டு பேர் மட்டும் இடம் மாறி. தன் கணினியில் தன் பைப்லைனில் போட்டுப் பார்த்தாள், அதே இரண்டு பேர். மருத்துவமனையில் யாரோ திசு வைத்த இரண்டு குழாய்களில் பெயர்ச் சீட்டை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். அதில் ஒருவருக்கு மருந்து கேட்டது, மற்றவருக்குக் கேட்கவில்லை. சீட்டை நேராக்கி மறுபடி ஓட்டினாள். அவள் கண்டுபிடித்த மரபணுக்கள் ஒவ்வொன்றாக வரிசையிலிருந்து இறங்கிப் போயின. இருந்ததே கொஞ்சம் நோயாளிகள். அதில் இரண்டு பேர் இடம் மாறினால் போதும், மீதி கதை கந்தல்தான். அந்தக் காலத்தில் புரொஃபசர் அவசரப்படுத்தினார், மகளுக்குக் காய்ச்சல், மருத்துவமனைக் கோப்பில் கையெழுத்தெல்லாம் பக்காவாக இருந்தது. காரணங்களுக்கா பஞ்சம்? பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. அந்தக் கட்டுரையை நம்பி எங்கோ ஒரு டாக்டர் யாருக்கோ மருந்தை நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கக்கூடும்.

வீட்டுக்குப் போனபோது கணவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். அவன் மேனேஜராக இருந்த ஃபர்னிச்சர் கடையை மூடியதிலிருந்து சமையலறை அவன் பொறுப்பு. வேலை தேடிப் போன இடமெல்லாம் வயதைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதையும் நடித்துக் காட்டி மகளைச் சிரிக்க வைப்பான். சிரித்து முடித்த பிறகு அவன் முகம் எப்படி ஆகும் என்று அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

"என்ன, முகத்துல ஈயாடல?" என்றான்.

"என் கட்டுரையில ஒரு தப்பு இருக்குங்க. ஆஸ்பத்திரியில ரெண்டு குழாயில பேரை மாத்தி ஒட்டிட்டாங்க போல."

"அவங்க ஒட்டினதுக்கு நீ என்ன பண்ணுவ?"

"பாக்காம விட்டது நான்தானே?"

அவன் கத்தியைக் கீழே வைத்தான். கண்ணில் வெங்காயத் தண்ணீர். "சொல்லத்தான் வேணும். வேண்டாம்னு நான் சொல்லல. நாளைக்கு ஒரு நாள் ஆறப் போடு. வேலை கையில வந்ததும் நீயே புரொஃபசர்கிட்ட சொல்லு. யாருக்கும் நஷ்டம் இல்லையே?"

அவன் கேட்டதில் தப்பில்லை. அவள்தான் தவளையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் அவன் வேறு மாதிரி பேசியிருப்பான். அது தெரிந்துதான் சொல்லவில்லை. சாப்பிட்ட பிறகு ஃபோனை எடுத்துத் தவளையின் எண்ணைத் தேடினாள். என்னவென்று சொல்வது? நீ சரி, நான் தப்பு, அந்தப் படத்தை நாளை மறக்காமல் காட்டு என்றா? காலையில் அவள் காட்டினால், மதியம் தன் நேர்காணலுக்கு அதே குழுவின் முன் அவள் எந்த முகத்தோடு போய் உட்காருவது? மகளுக்கு நகம் வெட்டிவிட வேண்டியிருந்தது. ஃபோனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, நகவெட்டியைத் தேடப் போனாள்.

காலையில் மாணவர்களுக்கு நேர்காணல். பயிற்சியைத் தயாரித்தவள் என்பதால் அக்கா மூலையில் உட்கார்ந்து புரொஜெக்டரைப் பார்த்துக்கொண்டாள். வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியை நரைமுடியை இறுக்கி முடிந்த அம்மாள். பேச்சில் சர்க்கரை கிடையாது. தவளை உள்ளே வந்தாள். புதுச் செருப்பு கடித்துக் குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பிறகு இது அதற்கான இடமில்லை என்று நினைத்துக்கொண்டு மலர்ச்சியை அடக்கினாள். தடங்கலில்லாமல்தான் பேசினாள். கட்டுரையில் இருந்த மரபணுக்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. புரொஃபசர் அக்காவைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்.

"எல்லாம் சரி. சாம்பிள் எல்லாம் பேர் மாறாம இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்? ஆண், பெண் பிரிச்சுப் பாத்தியா?" என்று கேட்டார் பேராசிரியை. காலையிலிருந்து எந்தப் பிள்ளையிடமும் கேட்காத கேள்வி.

"பாத்தேன் மேடம்."

"எங்க காணோம்?"

"அதுல நான் தப்பு பண்ணிட்டேன் மேடம். ரெண்டு சாம்பிள் இடம் மாறி வந்துச்சு. பழைய பட்டியலை எடுத்துட்டேன் போல. அதனால அந்தப் படத்தை எடுத்துட்டேன்."

"தப்புன்னு தெரிஞ்சா திருத்திச் செய்யறதுதானே?"

"செஞ்சேன் மேடம். ராத்திரி புதுப் பட்டியலை எடுத்துச் செஞ்சேன்." அவள் குரல் இறங்கியது. "திரும்பவும் தப்பாவே வந்துச்சு."

"ஓ. தனக்குப் பிடிச்ச மாதிரி வரலன்னா தூக்கிப் போட்டுட வேண்டியதா?"

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். ஒரே ஒரு வாக்கியம், அக்கா சொன்னாங்க என்று, அது போதும். தவளை மூலைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "சாரி மேடம்" என்றாள்.

அவள் வெளியே போனதும் பேராசிரியை பேனாவை மேஜையில் தட்டினார். "இந்த வயசுலயே மறைக்கற பழக்கம். பின்னால எங்க கொண்டு போய் விடும்?"

"நல்லாத்தானே செஞ்சா? கொஞ்சம் பயந்துட்டா" என்ற புரொஃபசர் அக்காவின் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற? உன்கிட்டதானே அடிக்கடி பேசுவா?"

இப்போது சொல்லலாம். இதைவிட நல்ல நேரம் வராது என்று அக்காவுக்குத் தெரிந்தது. நாக்கு எழும்பியது கூட. "நல்ல பொண்ணுதான் சார்" என்றாள். "இன்னும் கொஞ்சம் கவனம் வேணும்."

சொன்னது தன் குரல்தானா என்றிருந்தது. புரொஃபசர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அக்காவின் நேர்காணல் மதியத்துக்குப் பிறகு. அவளிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அச்சேறிய கட்டுரையை எழுதியவளிடம் அதைக் கேட்பார்களா? பேராசிரியை கட்டுரையைப் படித்திருந்தார். சுத்தமான வேலை என்று பாராட்டினார். அந்தச் சொல்லுக்கு அக்கா நன்றி சொன்னாள், சிரிக்கவும் செய்தாள். கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, புரொஃபசரே எழுந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு, "முடிஞ்சது. இனிமே நிம்மதியா வேலையைப் பாரு. வீட்டுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லு" என்றார். அவள் கணவனை அழைத்தாள். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. வெங்காயமா என்று கேட்க நினைத்தாள், கேட்க வரவில்லை.

நடைவழியின் கோடியில், தண்ணீர் கேனுக்குப் பக்கத்து பெஞ்சில் தவளை உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள்.

"நீ இன்னும் கிளம்பலையா?"

"உங்களுக்காகத்தான்க்கா காத்துக்கிட்டிருக்கேன். வேலை கிடைச்சிருச்சுதானே? புரொஃபசர் சார் சிரிச்சுக்கிட்டே போனாரு, அப்பவே நினைச்சேன்." அவள் எழுந்து அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அந்தச் சந்தோஷத்தில் கலப்படம் ஒன்றும் இல்லை. "எனக்கு இந்தத் தடவை இல்லன்னு தெரியும். பரவால்லக்கா. அந்த மேடம் கேட்டது நியாயம்தானே?"

அக்கா ஏதோ சொல்ல வந்தாள். தவளை அதற்குள் பையைத் திறந்து மடிக்கணினியை எடுத்துவிட்டாள்.

"ஒரே ஒரு உதவிக்கா. பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. எத்தனை தடவை பாத்தாலும் நான் எங்க தப்பு பண்றேன்னே பிடிபட மாட்டேங்குது. நீங்க பக்கத்துல உக்காந்து ஒரு தடவை காட்டிட்டீங்கன்னா கத்துக்குவேன். அடுத்த வருஷம் வர்றப்ப இப்படி ஆகக்கூடாதுல்ல?"

அவள் பையைக் காலடியில் இறக்கிவிட்டு பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள். காலியான இடத்தைக் கையால் துடைத்தாள். திரையை அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, நோட்டில் ஒரு வெள்ளைப் பக்கத்தைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு, அக்கா சொல்லப்போவதை எழுதிக்கொள்ள அவள் முகத்தையே பார்த்தபடி இருந்தாள்.