அருமைநாயகத்தைத் தொடாத தண்ணீர்

1954-ஆம் வருஷத்துச் சாரலில் குற்றாலத்துப் பெரிய அருவி அருமைநாயகத்தின் மேல் விழ மறுத்தது. மற்றவர்களுக்கு அது எந்தக் குறையும் வைக்கவில்லை. இலத்தூர் சம்சாரிகள் தலையிலும் மதுரை வியாபாரிகள் தொந்தியிலும் வழக்கம்போல இடித்துக்கொண்டு விழுந்தது. அருமைநாயகம் உள்ளே போய் நின்றதும், அவன் தலைக்கு ஒரு முழம் மேலே தண்ணீர் இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் இறங்கியது. அவன் காலடியில் ஒரு பாய் அகலத்துக்குப் பாறை காய்ந்து கிடந்தது. இடப்பக்கம் நகர்ந்தான், காய்ந்த இடமும் கூடவே நகர்ந்தது. அவன் பக்கத்தில் நின்றால் மூச்சு முட்டாமல் குளிக்கலாம் என்று சிலர் நெருங்கி வந்தார்கள். அவன்மேல் வீசிய வாடையில் வந்த வேகத்திலேயே விலகிப் போனார்கள்.

அவன் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். அந்தத் தொழிலில் தேய்ப்பவனுக்குப் பாதி வேலைதான். நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி உச்சியில் வைத்து, முதுகெலும்பின் இரு ஓரமும் கட்டைவிரலால் அழுத்தி இறக்கினால் போதும். மீதியை அருவி பார்த்துக்கொள்ளும். விழுகிற தண்ணீரின் கனம் எண்ணெயைத் தோலுக்குள் அடித்து இறக்கி, மிஞ்சியதைக் கழுவிக்கொண்டு போகும். தேய்த்தவன் மேல் ஒட்டியதும் அப்படித்தான் போக வேண்டும். போகாவிட்டால் என்ன ஆகும் என்பது அந்த வருஷம் தெரிந்தது. எண்ணெய் மேல் எண்ணெய் படிந்து, அதில் புழுதியும் வாந்தியும் ஏறி, பழைய விளக்குத் திரிபோல அவன் நாறினான். கிணற்றுத் தண்ணீர், குளத்துத் தண்ணீர், மழை எதுவும் அவன் தோலைத் தொடவில்லை. அண்ணாந்து ஊற்றினால் தொண்டைக்குள் இறங்கும், உதட்டில் படாது. சாராயம் மட்டும் உதடு, தாடை, நெஞ்சு என்று தாராளமாக ஒட்டியது.

மதுவிலக்குக் காலம் அது. மலைச்சரிவில் கடற்கரை என்பவன் திருட்டுத்தனமாகக் காய்ச்சினான். காய்ச்சுவது கஷ்டமான வித்தை இல்லை. கருப்பட்டியையும் வேலம்பட்டையையும் அழுகிய வாழைப்பழத்தையும் பானையில் ஊறவிட்டு, நுரைத்துப் பொங்கும்வரை சருகுக்கு அடியில் புதைத்து வைக்க வேண்டும். பிறகு அடுப்பேற்றி, மேலே பச்சைத் தண்ணீர் நிறைந்த சட்டியால் மூட வேண்டும். எழும்புகிற ஆவி குளிர்ந்த அடியில் முட்டித் துளியாகி, நடுவே வைத்த ஏனத்தில் சொட்டும். சட்டித் தண்ணீர் சுடச்சுட மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் ஓடைக்கரைதான் அதற்குத் தோது. எஞ்சிய கசண்டை அவன் அந்த ஓடையிலேயே கொட்டினான். ஒருமுறை ஊறல் பானையில் எலி விழுந்து, உப்பி, மயிர் கழன்று மிதந்தது. கடற்கரை வாலைப் பிடித்துத் தூக்கி எறிந்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தான்.

“கொதிச்சா எல்லாம் சுத்தந்தான் அண்ணாச்சி” என்றான். அருமைநாயகம் முதல் குவளையை வாங்கிக் குடித்தான். அருவி விலகியது அதற்கு அடுத்த வாரம்.

அவன் மனைவி ஜெபமலருக்கு அருவி செய்தது நியாயமாகவே பட்டது. தென்காசியில் ஒற்றை அறை வீட்டில் அவனோடு இருந்தவள் அவள். சாம்பலாலும் தவிட்டாலும் தேங்காய்ச் சவுரியாலும் அவனைத் தேய்த்துப் பார்த்தாள். அழுக்கு உருண்டை உருண்டையாக வந்தது, நாற்றம் போகவில்லை. குடித்துவிட்டு அவன் அழுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். கண்ணீரும் தண்ணீர்தானே; அதுவும் அவன் கன்னத்தைத் தொடாமல் தெறித்து, எதிரில் நிற்கிறவள் முகத்தில் விழுந்தது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அந்தோணியார்மேல் சத்தியம் செய்வான். புதன்கிழமை அந்தச் சத்தியத்தை வாந்தியோடு சேர்த்து அவள் பெருக்கித் தள்ளுவாள். அடுத்த சாரலுக்குள் இந்த மனுஷன் நனையாவிட்டால் வடகரையில் அண்ணன் வீட்டோடு போய்விடுவது என்று முடிவுசெய்து, சேலைகளைத் தகரப்பெட்டியில் அடுக்கிக் கதவோரம் வைத்தாள்.

அந்தோணியார் கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டி இருந்தது. உப்பை மந்திரித்துத் தண்ணீரில் கலந்து, அந்தத் தண்ணீரையும் மந்திரித்தால் தீர்த்தம். சிலுவை போட அவன் விரலை நீட்டியபோது அது தொட்டியின் எதிர் விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டது. சனங்கள் பார்த்தார்கள். கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் நாலு நாள் யோசித்து, தலையில் ஊற்றிய ஞானஸ்நானத் தண்ணீரும் கழன்றிருக்கும், ஆகவே இவன் இப்போது கிறிஸ்தவனே இல்லை என்று கண்டுபிடித்தார். ஜெபமலர் அவனுக்கு வெள்ளை வேட்டி உடுத்திவிட்டு, ஞானத்தகப்பனாக நிற்க ஒருவரைக் கெஞ்சிப் பிடித்து, தெருவையே சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு சூசைமரியான் சாமியாரிடம் போனாள்.

“சாமி, இவங்களுக்கு மறுபடியும் ஞானஸ்நானம் குடுத்திருங்க. பழசு கழண்டுபோச்சு.”

“கழண்டு போறதுக்கு அது என்ன செவுத்துல அடிச்ச சுண்ணாம்பா?” சாமியார் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். “ஒருவாட்டி ஊத்துனா ஊத்துனதுதான். ரெண்டாவது ஊத்த எனக்கும் அதிகாரம் கிடையாது, ரோமாபுரிக்கும் கிடையாது. ஏலே அருமைநாயகம், இனிமே ஒனக்குத் தண்ணி வெளிய இருந்து வராது. உள்ள இருந்துதான் வரணும்.”

அவர் சொன்ன வைத்தியம் இதுதான். தினமும் காலைப் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க வேண்டும். நன்மை வாங்குகிறவன் நடுச்சாமத்திலிருந்து எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. பச்சைத் தண்ணீர் மட்டும் பாவமில்லை என்று முந்தின வருஷந்தான் ரோமாபுரியிலிருந்து உத்தரவு வந்திருந்தது. குடிகாரனை மறுபடி குடிக்கு இழுப்பது விடியற்காலைக் குவளைதான். கை நடுக்கத்தை நிறுத்த அதைக் குடிப்பான், அது இறங்கியதும் அடுத்ததைக் கேட்பான். அந்த ஒரு கண்ணியை அறுத்தால் சங்கிலி தானே தளரும். பகலில் குடித்துவிட்டானானால், மறுநாள் பூசைக்கு முன் முழங்காலிட்டுப் பாவசங்கீர்த்தனத்தில் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சாமியார் பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக்கூண்டுக்குள் உட்கார்ந்து, கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நாரத்தை இலையைக் கசக்கி மூக்கில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“நாளைக்கும் குடிப்பேன்னுதான் நெனைக்கேன் சாமி” என்று அவன் ஒருநாள் உரக்கச் சொன்னது வாசலில் நின்ற ஜெபமலர்வரை கேட்டது.

“நாளைக்குள்ளத நாளைக்கு வந்து சொல்லு. நேத்துள்ளத இப்பச் சொல்லு. கொஞ்சம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுச் சொல்லுலே, தாங்க முடியல.”

முதல் மாதம் வீடு கசாப்புக்கடையாக இருந்தது. மஞ்சள் பித்தமாக வாந்தியெடுத்தான். சுவரில் இல்லாத கட்டெறும்பை நசுக்கினான். ஓங்கரிப்புக்கும் ஓங்கரிப்புக்கும் நடுவே ஜெபமலர் தகர டப்பாவைப் பிடித்துக்கொண்டு மாதாவை வாழ்த்துகிற பிரியதத்த மந்திரம் சொன்னாள். மறுபாதியைச் சொல்ல அவனுக்கு வாய் இருந்தால் சொன்னான். விடிந்ததும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அவள் முன்னே நடக்க, அவன் பின்னே போனான். வாரத்தில் பாதி நாள் குடித்தான், குடித்ததைச் சொன்னான். பிறகு சொல்லக் கூசி ஒரு நாளைக் குறைத்தான். பிறகு இன்னொரு நாளை.

சாரல் தொடங்க இருந்த ஒரு காலையில் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருந்து எழுந்து நேரே அவளிடம் வந்தான். முன்பு அவள் காய்ச்சலில் கிடந்து தண்ணீர் கேட்டபோது, குடத்தோடு போனவன் மறுநாள்தான் திரும்பினான். அன்று கிணறு வற்றிப்போயிருந்தது என்றே சொல்லிவந்தான்.

“கெணத்துல தண்ணி கெடந்துச்சு ஜெபமலர்” என்றான். “நான் கடற்கரைகிட்டப் போயிட்டேன்.”

அவளுக்கு அது தெரியாததல்ல. ஆனால் இப்போது அவன் கண்ணில் புறப்பட்டது தெறிக்கவில்லை. கன்னத்தில் இறங்கி, எண்ணெய் அழுக்கில் வெள்ளைக் கோடு கிழித்துக்கொண்டு தாடைக்கு வந்தது. அவளுக்கு இரக்கம் வரவில்லை, குமட்டிக்கொண்டுதான் வந்தது. ஆனாலும் ஈரம் ஈரந்தான். அன்று சாயங்காலம் கிணற்றடியில் ஊற்றிய தண்ணீர் அவன் முகத்தில் நின்றது. அடுத்த நாள்களில் பிடரி, நெஞ்சு, முதுகு என்று ஒவ்வொன்றாக நனைந்தது. சீயக்காய் போட்டு அவள் தேய்த்தபோது ஓடிய கறுப்புச் சாக்கடையைக் கண்டு தெருநாய்கள் எழுந்து போயின. சாரலில் அருவி அவன்மேல் விழுந்தது. வலது உள்ளங்கை மட்டும் நனையவில்லை. குவளை பிடித்த கை. பெட்டி கதவோரத்திலேயே இருந்தது.

1957-இல் ரோமாபுரி சட்டத்தைத் தளர்த்தியது. நடுச்சாமக் கணக்கு போய், நன்மைக்கு முன் மூன்று மணி நேரம் போதும் என்றானது. ஊரில் எல்லாருக்கும் அது வசதி. அருமைநாயகத்துக்கு அது சுவரில் விழுந்த ஓட்டை. நடுச்சாமத்துக்குப் பிறகும் குடித்துவிட்டு, மூன்று மணி நேரத்தைக் கணக்காக எண்ணி, பூசைக்கு வந்து நின்றான். வாசலில் மழை அவனை விட்டு விலகிப் பெய்வதை ஜெபமலர் பார்த்தாள். வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அவன் எதிரே வந்து, கொட்டுகிற மழைக்கு நடுவே காய்ந்துபோய் நின்றான். அந்தோணியார்மேல் சத்தியம் செய்வான், அந்த வாயில் காறித் துப்பிவிட்டுப் போகலாம் என்று காத்திருந்தாள்.

“நாளைக்குப் பூசைக்கு முன்னால குடிக்க மாட்டேன். பழைய கணக்குப்படி, நடுச்சாமத்துலேருந்து” என்றான். “அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது.”

இத்தனை வருஷத்தில் அவன் சொன்னவற்றில் நம்பக்கூடியதாக அவளுக்குப் பட்ட வாக்கு அதுதான். பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பிரிக்கவில்லை. திருவிழாவுக்கு ஒன்று, கல்யாண வீட்டுக்கு ஒன்று என்று தேவைக்கு ஒரு சேலையாக எடுத்தாள். எடுத்தது துவைத்துக் கொடிக்குப் போனதே தவிர பெட்டிக்குத் திரும்பவில்லை. அடியில் கிடந்த சேலை வெளியே வரும்போது 1961 ஆகியிருந்தது. கடற்கரை ஒருமுறை வழி மறித்து, “மோந்தாவது பாருங்க அண்ணாச்சி” என்றபோது, அருமைநாயகம் முகர்ந்து பார்த்தான். எலி வாடை அடித்தது. ஓடையோரம் குனிந்து வாந்தியெடுத்துவிட்டு வேலைக்குப் போனான்.

1964-இல் மறுபடியும் சட்டம் மாறி, ஒரு மணி நேரம் போதும் என்று பிரசங்கத்தில் அறிவித்தார்கள். ஜெபமலர் அவன் பக்கம் திரும்பினாள். “அவங்க என்னத்த வேணும்னாலும் மாத்திக்கிடட்டும். நம்ம வீட்டுல பழைய சட்டந்தான், தெரிஞ்சுக்கிடுங்க.”

“தெரியும்ட்டி” என்றான்.

மற்ற இடமெல்லாம் மறுபடி நனைந்த பிறகும், வலது உள்ளங்கை கடைசிவரை நனையவில்லை. அவள் சாம்பல் போட்டுத்தான் அதைச் சுத்தம் செய்தாள். அந்தக் கையால் எடுத்துக் கொடுத்தது எதையும் வாங்கிச் சாப்பிட மாட்டாள். அந்தோணியார் சப்பரம் ஜூன் மாதச் சாரலில்தான் புறப்படும். முன்னால் போகிற மெழுகுவர்த்தி அவன் குவித்த கையில்தான் அணையாமல் நிற்கும் என்பதால் அதை அவனிடமே கொடுப்பது வழக்கமாயிற்று. மற்ற நாள்களில் மழை இருட்டிக்கொண்டு வந்தால், ஜெபமலர் தீப்பெட்டியை அந்த உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, கொடியில் கிடக்கிற துணிகளை எடுக்கப் போவாள்.